கைகாட்டியும் கணிப்பொறியும்

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த சிறு நிலையங்களுள் கீழ்வேளூரும் ஒன்று. நாகப்பட்டினத்தையும் திருச்சிராப்பள்ளியையும் இணைத்து 1860களின் தொடக்கத்தில் போடப்பட்ட இப்பாதை, தென்னகத்தின் மிகப் பழைய இருப்புப்பாதைகளுள் வைத்து எண்ணத்தக்கது. அகலப்பாதையாகப் பிறந்து, 1870களில் மீட்டர் பாதையாகக் குறுகி, நம் காலத்தில் மீண்டும் அகன்றது. எத்தனை முறை அகன்றாலும் குறுகினாலும் நெடுங்காலம் அது ஒற்றைத் தடமாகவே இருந்தது. ஒரே தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வரவேண்டும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டும் அத்தடத்தில் இருத்தல் கூடாது. இச்சிக்கலுக்கு இருப்புப்பாதைப் பொறியாளர்கள் கண்ட விடையையே பின்னாளில் கணிப்பொறி அறிஞர்களும் பெயரோடு சேர்த்து எடுத்துக்கொண்டனர். (சிக்கல் என்பது கீழ்வேளூரை அடுத்துள்ள ஊரின் பெயரும் ஆதலின், இவ்வட்டாரத்து மாணவர்க்குச் சிக்கல் புதிதன்று.)

கணிப்பொறி நூல்களில் ‘செமஃபோர்’ என்றொரு சொல் வரும். நம் மாணவர்கள் அதனை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். அச்சொல்லின் பொருள் அவர்கள் சிறுவயதில் ஊர் நிலையத்தின் எல்லையில் அண்ணாந்து பார்த்த கைகாட்டி மரம் என்பதை எவரும் அவர்கட்குச் சொல்வதில்லை. தரவுத்தளச் சேவையகம் ஒன்றினுள்ளே பல செயல்முறைகள் எவ்வாறு தமக்குள் சைகை காட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று மோதாமல் இயங்குகின்றன என்பதை அக்கைகாட்டியின் வழியே ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

பந்தும் பிரம்பு வளையமும்

முதலில் இருப்புப்பாதை முறையை நன்கு அறிந்துகொள்வோம். கைகாட்டி என்பது உயர்ந்த கம்பத்தின் உச்சியில் பொருத்தப்பட்ட ஒரு கை. கிடைநிலையில் நீண்டிருந்தால் ‘நில்’. கீழே சாய்ந்தால் ‘செல்’. கம்பி அறுந்துபோனால் கை என்னாகும்? எதிர்ப்பளுவின் எடையால் தானே கிடைநிலைக்குத் திரும்பிவிடும். அஃதாவது, கருவி பழுதுற்றால் வண்டி நிற்குமேயன்றி ஓடாது. இவ்வொரு நுணுக்கத்தைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

ஒற்றைத் தடத்திற்குக் கைகாட்டி மட்டும் போதாது. இரு நிலையங்களிலும் உள்ள அதிபர்கள் ஒருவரையொருவர் பாராமலே ஒரே நொடியில் இரு கைகாட்டிகளையும் சாய்த்துவிடக்கூடும். ஆகவே, தென்னக இரயில்வேயின் ஒற்றைத் தடங்களில் நெடுங்காலம் டோக்கன் முறை வழங்கிற்று. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் இரட்டைப் பிறவிகளாய் இரண்டு கருவிகள் இருக்கும். அவை மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் நிலையப் பெயர் பொறித்த எஃகுப் பந்துகள் பல அடுக்கப்பட்டிருக்கும். ஒரு நிலைய அதிபர் மணி அடித்து அடுத்த நிலையத்தாரிடம் இசைவு கேட்பார். அவர் மணியால் விடையிறுத்து, தம் கருவியால் இடங்கொடுத்தால்தான் இவர் பக்கத்தில் ஒரு பந்து வெளிவரும். வெளிவந்த கணத்திலேயே இரு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அப்பந்து எதிர்நிலையத்துக் கருவிக்குள் போய்ச் சேரும்வரை, அல்லது எடுத்த இடத்திலேயே திரும்ப இடப்படும்வரை, எந்தப் பக்கத்திலும் இரண்டாவது பந்து வாராது.

அப்பந்தைத் தோற்பையில் இட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் எஞ்சினை நோக்கி நீட்டுவர். எஞ்சினில் நிற்பவர் கையை வளையத்துள் நுழைத்துப் பற்றிக்கொள்வார். மீட்டர் பாதைக் காலத்தில் தஞ்சை, நாகைப் பகுதிகளில் வளர்ந்தோர் பலர் இக்காட்சியை மறந்திரார். பந்து கையில் இல்லாத ஓட்டுநர் தடத்தில் நுழைதல் ஆகாது. பந்தோ ஒன்றே ஒன்றுதான் வெளியில் உலவமுடியும். இருவர் நினைவையும் நேர்மையையும் மட்டும் நம்பாமல், உரிமையை ஒரு பொருளாக்கிக் கையில் கொடுத்துவிட்டதே இம்முறையின் சிறப்பு எனலாம்.

ஓர் இருக்கை, இருவர்

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றினைச் செயல்முறை என்கிறோம். தரவுத்தளச் சேவையகம் என்பது, வழக்கில் ‘சர்வர்’ எனப்படுவது, பலருடைய வினாக்களுக்கும் ஆணைகளுக்கும் ஒரே வேளையில் விடையிறுக்கும் நிரல். இங்கு நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வது போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம். அமெரிக்காவின் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986ஆம் ஆண்டு தொடங்கி, 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் இப்போதைய பெயர் பெற்றது. அதன் மூலநிரல் யாவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருப்பதால், உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டுவதில்லை, திறந்து பார்த்துக்கொள்ளலாம். அதில் இணையும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிச் செயல்முறை ஒன்று பிறக்கிறது. அவை யாவும் பொது நினைவகம் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்பொது நினைவகமே நம் ஒற்றைத் தடம்.

சென்னைக்குச் செல்லும் வண்டியில் ஒரே ஓர் இருக்கை எஞ்சியுள்ளது எனக் கொள்வோம். நாகப்பட்டினத்தில் ஒருவரும் தஞ்சாவூரில் ஒருவரும் ஒரே கணத்தில் கேட்கின்றனர். முதற் செயல்முறை பார்க்கிறது: எஞ்சியது 1. அது குறைத்து எழுதுமுன் இரண்டாம் செயல்முறையும் பார்க்கிறது: எஞ்சியது 1. முன்னது 0 என்று எழுதிச் சீட்டு வழங்குகிறது. பின்னதும் 0 என்று எழுதிச் சீட்டு வழங்குகிறது. கணக்கேட்டில் பிழையே தெரியாது. இருக்கைகள் தீர்ந்தன என்றே ஏடு சொல்லும். இரவில் பெட்டிக்குள் இருவரும் சந்திக்கும்போதுதான் பிழை வெளிப்படும். எந்தச் செயல்முறையும் தனித்து நோக்கத் தவறு செய்யவில்லை. பார்த்தல், எழுதுதல் ஆகிய இரண்டிற்கும் நடுவே இருந்த இடைவெளியே தவற்றைச் செய்தது.

‘பூட்டு ஒன்று வைத்தால் தீர்ந்ததே’ எனலாம். பூட்டு திறந்திருக்கிறதா எனப் பார்த்துப் பின் பூட்டினால் மீண்டும் அதே இடைவெளி! இருவரும் திறந்திருக்கக் கண்டு இருவரும் பூட்டுவர். நெதர்லாந்து நாட்டு டெக்கர் என்னும் கணிதவியலார், நினைவகத்தில் படிப்பது, எழுதுவது ஆகிய எளிய செயல்களை மட்டும் கொண்டே இதனைத் தீர்க்க இயலும் என்று காட்டினார்; ஆயினும் அவ்வழி மிகுந்த சுற்றுவழி. அதே நாட்டவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா (1930–2002) 1960களின் முற்பகுதியில் ‘செமஃபோர்’ என்னும் கருத்தை வகுத்தார். அஃது ஓர் எண். அதன்மீது இரண்டே செயல்கள். ஒன்று, எண்ணைக் குறைப்பது. குறைக்க இயலாதாயின் காத்திருப்பது. மற்றது, எண்ணைக் கூட்டிக் காத்திருப்போருள் ஒருவரைச் செல்லவிடுவது. ஒவ்வொன்றும் இடையில் எவரும் புகமுடியாத ஒற்றைச் செயல். அவற்றிற்கு அவர் இட்ட பெயர்கள் பி, வி என்னும் ஓரெழுத்துகள். அவை தம் தாய்மொழியாகிய டச்சுச் சொற்களின் குறுக்கங்கள். உலகெங்கும் கணிப்பொறி மாணவர்கள் இன்றும் அவ்விரு டச்சு எழுத்துகளைக் கற்கின்றனர் என்பதைத் தமிழ்த்துறையினராகிய நாம் சற்றே நின்று நோக்குதல் தகும்.

இன்றைய நுண்செயலிகளில் பார்த்தலையும் மாற்றுதலையும் பிளவுபடாத ஒரே கட்டளையாகச் செய்யும் வசதி உண்டு. அதன்மேல் போஸ்ட்கிரெஸ் மூவகைப் பூட்டுகளைக் கட்டியுள்ளது. முதலாவது சுழற்பூட்டு: பூட்டு கிடைக்காதவர் கதவை ஓயாது தட்டிக்கொண்டே நிற்பார். சில கட்டளைகளே நீளும் மிகச்சிறு வேலைக்கு மட்டும் இது தகும். இரண்டாவது இலகுப் பூட்டு: படிப்போர் பலர் ஒருங்கே நுழையலாம், எழுதுவோர் மட்டும் தனித்து நுழைய வேண்டும், கிடைக்காதவர் தம் பெயரை வரிசையில் எழுதிவைத்து உறங்கிவிடுவார். ஒவ்வொரு செயல்முறைக்கும் தனக்கென ஒரு செமஃபோர் உண்டு. அதன் அடியிலேயே அஃது உறங்கும். மூன்றாவது, அட்டவணை முதலியவற்றின்மீது வைக்கப்பெற்று, பரிமாற்றம் முடியும்வரை நிலைத்திருக்கும் பெரும்பூட்டு.

உறங்குவோனை எழுப்புதல்

பூட்டுவது எளிது, எழுப்புவதுதான் அரிது. இவ்விடத்தில் சற்று விரிவாகவே நிற்க விரும்புகிறோம்.

சேவையகத்தினுள் சில செயல்முறைகள் வேலை வரும்வரை உறங்கிக் கிடக்கும். குறிப்பேட்டை வட்டில் எழுதுவது ஒன்று. தொலைவில் உள்ள மறுபடிச் சேவையகத்திற்கு மாற்றங்களை அனுப்புவது இன்னொன்று. அனுப்புவது எவ்வாறு உறங்குகிறது? ‘வேலை உண்டா’ என்று பார்க்கிறது. இல்லையெனில் உறங்கச் செல்கிறது. இல்லை என்று கண்டதற்கும் கண் மூடியதற்கும் இடையிலுள்ள அந்நொடிப் பகுதியில் வேறொரு செயல்முறை வேலையைக் கொண்டுவந்து வைத்து, மணியை அடிக்கிறது என்க. உறங்காதவனை எழுப்பும் மணியால் பயனில்லை. ஓசை காற்றில் கரைகிறது. அடுத்த கணம் அவன் உறங்குகிறான். வேலை மேசைமேல் கிடக்கிறது. கொணர்ந்தவன் அடித்தாயிற்று என்று போய்விட்டான். இனி எவரும் எழுப்பார். இதனைத் தொலைந்த எழுப்பல் என்பர்.

இப்பிழையின் கொடுமை யாதெனில், ஆயிரமாயிரம் முறை நேராது. நேர்ந்தபின் ஆராய்ந்தாலும் தடயம் கிட்டாது. நிரலர்கள் சிலர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டனர்: நெடிது உறங்காமல், நொடிக்குச் சில முறை தானே விழித்துப் பார்த்துக்கொள்வது. கதவருகில் படுத்திருப்பவர் மணி கேட்கும் என்று நம்பாமல் அடிக்கடி எழுந்து எட்டிப் பார்ப்பதை ஒக்கும் இது. வேலை இல்லாதபோதும் விழிப்பு. வேலை வந்தபோதோ தாமதம். நம் கருத்தில் இது தீர்வன்று. நோயை மறைக்கும் மருந்து.

2011ஆம் ஆண்டு வெளிவந்த 9.1 ஆம் பதிப்பில் போஸ்ட்கிரெஸ் இதற்கு முறையான கருவி ஒன்றைக் கொணர்ந்தது. ஆங்கிலத்தில் அதற்குத் தாழ்ப்பாள் என்று பொருள்படும் ‘லேட்ச்’ எனப் பெயர். அடிப்படை எளிது: மணி ஓசையோடு நில்லாமல் ஒரு கொடியையும் ஏற்றிவிட்டுச் செல்ல வேண்டும். ஓசை மறையும், கொடி நிற்கும். கொடி ஏறியிருந்தால் உறங்கப் போனவன் உறங்கமாட்டான்.

ஆனால் வரிசைமுறை பிறழ்தல் ஆகாது. உறங்குவோன் முதலில் கொடியை இறக்க வேண்டும். பிறகே வேலை உண்டா எனப் பார்க்க வேண்டும். இல்லையெனில் உறங்க வேண்டும். மாறாக, முதலில் வேலையைப் பார்த்துவிட்டுப் பிறகு கொடியை இறக்கினால், இவ்விரண்டிற்கும் நடுவில் ஏற்றப்பட்ட கொடியைத் தன் கையாலேயே இறக்கிவிட்டு உறங்குவான். அவ்வாறே எழுப்புவோனும் முதலில் வேலையை மேசைமேல் வைக்க வேண்டும். பிறகே கொடியை ஏற்ற வேண்டும். முன்னதாகக் கொடியேற்றினால், விழித்தவன் வெற்று மேசையைக் கண்டு, கொடியை இறக்கிவிட்டு மீண்டும் உறங்குவான். இரு பக்கத்தாரும் இவ்வொழுங்கைப் பேணினால், வேலை எந்தக் கணத்தில் வந்தாலும் ஒன்று பார்வையில் படும், அன்றிக் கொடியில் தெரியும். மூன்றாவது வழியில்லை.

இங்கே வன்பொருள் ஒரு தடையிடுகிறது. விரைவு கருதி, நுண்செயலி தன் எழுத்துகளையும் படிப்புகளையும் நாம் எழுதிய வரிசையிலேயே பிற செயலிகளுக்குக் காட்டும் என்பதற்கு உறுதியில்லை. ‘முதலில் வேலை, பிறகு கொடி’ என்று நாம் எழுதினாலும், அயல் செயலியின் கண்ணுக்குக் கொடி முதலிலும் வேலை பின்னுமாகத் தோன்றலாம். ஆதலால் இடையில் நினைவகத் தடுப்பு என்னும் கட்டளை ஒன்றை இட வேண்டும். ‘இதற்கு முன்னுள்ளவை யாவும் வெளிப்பட்டபின்பே இதற்குப் பின்னுள்ளவை வெளிப்படுக’ என்பது அதன் பொருள்.

யூனிக்சு இயக்கமுறையில் ஒரு செயல்முறை மற்றொன்றைக் கூப்பிடப் பயன்படுத்தும் சைகைக்கு இன்னொரு குறை உண்டு. இருப்புப்பாதை மணியில் எத்தனை முறை அடித்தனர் என்பதற்குப் பொருள் உண்டு. இத்தனை அடி என்றால் இன்ன செய்தி என்று வகுத்திருந்தனர். யூனிக்சு சைகையோ எண்ணத் தெரியாதது. ஒரே வகைச் சைகை மூன்று முறை வந்தாலும், முதலாவது கவனிக்கப்படுமுன் வந்தவை யாவும் ஒன்றாய்க் கலந்துவிடும். ஆகவே அதனிடம் செய்தியை ஒப்படைத்தல் ஆகாது; ‘பார்’ என்று மட்டுமே அதனால் சொல்ல முடியும். எதைப் பார்ப்பது என்பதைப் பொது நினைவகத்தில் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் அவ்வாறே செய்கிறது.

முற்பதிப்புகள் கையாண்ட ஓர் உத்தி நமக்கு மிகவும் பிடித்தமானது. செயல்முறை தனக்குத்தானே ஒரு குழாய் அமைத்துக்கொள்ளும். இரு முனையும் அதன் கையிலேயே. சைகை வந்தவுடன் ஒரு முனையில் ஓர் எழுத்தை இடும். உறங்கும்போது மறுமுனையையும், வாடிக்கையாளரின் இணைப்பையும் ஒருங்கே நோக்கியபடி உறங்கும். உறக்கத்திற்குச் சற்று முன் சைகை வந்தாலும் அவ்வெழுத்து குழாயில் கிடக்குமாதலின் உடனே விழித்துக்கொள்ளும். தனக்குத்தானே கடிதம் எழுதிக்கொள்ளும் இம்முறைக்குப் பதிலாக, 2021ஆம் ஆண்டின் 14ஆம் பதிப்பு முதல் லினக்சில் இயக்கமுறையே தரும் வேறொரு வசதி பயன்படுகிறது.

எதிரெதிர் நிற்றலும் கடைமடையும்

பூட்டு இருக்குமிடத்தில் முட்டுக்கட்டையும் இருக்கும். ஒரு செயல்முறை கீழ்வேளூர்க் கணக்கைப் பூட்டிக்கொண்டு நாகப்பட்டினக் கணக்குக்காகக் காத்திருக்கிறது. மற்றொன்று நாகப்பட்டினத்தைப் பூட்டிக்கொண்டு கீழ்வேளூருக்காகக் காத்திருக்கிறது. எவரும் விடார், எவரும் பெறார். எல்லாரும் ஒரே வரிசையில் பூட்டுவர் என்றால் இது நேராது. ஆனால் வாடிக்கையாளருக்கு அவ்வரிசையைத் தரவுத்தளம் விதிக்க இயலாதே. ஆகவே போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஒரு நொடி பொறுத்திருக்கும். பின்னர் யார் யாருக்காகக் காத்திருக்கிறார் எனத் தொடர்ந்து சென்று, வட்டம் ஒன்று கண்டால் ஒருவரது பரிமாற்றத்தை நீக்கி மற்றவருக்கு வழிவிடும்.

மற்றொரு குற்றம் பட்டினி. இதனைக் காவிரிக் கடைமடைப் பகுதியான கீழ்வேளூர் வட்டத்தில் உள்ளோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி சூன் 12இல் திறக்கப்பட்டாலும், மேல்மடையில் உள்ளோர் எடுத்தபின் எஞ்சியதே கீழே வரும். எவரும் அநீதி இழைக்க எண்ணாவிட்டாலும், முந்தியவர் முந்தியவராகவே எடுத்துக்கொண்டிருந்தால் கடைசியில் இருப்பவர்க்கு நீர் வாராது. படிப்போர் பலர் ஒருங்கே நுழையலாம் என்ற இலகுப் பூட்டிலும் இவ்விடர் உண்டு: ஒருவர் வெளியேறுமுன் இன்னொருவர் நுழைந்துகொண்டே இருந்தால், தனித்து நுழைய வேண்டிய எழுதுவோர் வாசலிலேயே நிற்பார். முறைவைத்து நீர் பாய்ச்சுவதே வயலில் இதற்கு மருந்து, நிரலில் வரிசை. பெரும்பூட்டுகளில் ஏற்கெனவே காத்திருப்பவரைப் பின்வந்தவர் பொதுவாக முந்த விடுவதில்லை. இலகுப் பூட்டுகளில் விரைவுக்காக அவ்வொழுங்கு தளர்த்தப்பட்டுள்ளது. விரைவும் முறைமையும் முழுதாய் ஒருங்கே கிட்டுவதில்லை.

பந்தோடு வண்டி கவிழ்ந்தால்?

பூட்டைப் பிடித்திருக்கும் செயல்முறை இடையில் மடிந்தால் என் செய்வது? டோக்கன் தொலைந்தால் இருப்புப்பாதையில் வழக்கமான முறையை நிறுத்தி, எழுத்தால் ஆணைபெற்று மிகுந்த எச்சரிக்கையோடு வண்டிகளை விடுவர். போஸ்ட்கிரெஸ் இன்னும் கடுமையானது. ஒரு செயல்முறை அலங்கோலமாக மடிந்தது எனத் தலைமைச் செயல்முறை அறிந்தால், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கொண்டு, ஏனைய செயல்முறைகள் அனைத்தையும் நிறுத்திவிடும். பின்னர் குறிப்பேட்டைப் படித்து உறுதிசெய்யப்பட்ட நிலைக்கு மீளும். ஒருவர் பிழைக்காக எல்லாரையும் தண்டிப்பதாகத் தோன்றலாம். கம்பி அறுந்தால் கை கிடைநிலைக்குத் திரும்பும் என்று மேலே கூறியது இதுவே. ஐயம் எழுந்தால் நில்.

சைகையும் உண்மை நிலையும் பிரிந்தால் நேர்வதை நாடு 2023 சூன் 2 அன்று கண்டது. ஒடிசாவின் பாகநாகா பஜார் நிலையத்தில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவுவண்டிக்கு நேர்த்தடத்திற்கான பச்சை காட்டப்பட்டது. தண்டவாளமோ சரக்கு வண்டி நின்ற கிளைத்தடத்திற்குத் திருப்பப்பட்டிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சைகைச் சுற்றில் செய்யப்பட்ட மாற்றங்களில் நேர்ந்த குறைகளையே விசாரணை காரணமாகச் சுட்டியது. மென்பொருளிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 2003 ஆகத்து 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒரு பகுதியிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினர். மின்கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றின் எச்சரிக்கை மென்பொருளில், ஒரே தரவை இரு செயல்முறைகள் ஒரே வேளையில் எழுதப் புகுந்தமையால் எச்சரிக்கை மணி அடிப்பது நின்றுபோயிற்று. மணி அடிக்கவில்லை, ஆதலால் எல்லாம் நலம் என்று பணியாளர் இருந்தனர். மின்தடைக்கு அது ஒன்றே காரணமன்று. ஆயினும் தடுத்திருக்கக்கூடிய நேரம் அதனால் வீணாயிற்று.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மணவை முஸ்தபா போன்றோர் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்க வாழ்நாளெல்லாம் உழைத்தனர். புதுச்சொல் ஆக்கும்போது அகராதியைப் புரட்டுமுன் ஊரைப் பார்த்தல் நலம் என்பது நம் எண்ணம். செமஃபோருக்குக் கைகாட்டி என்னும் சொல் நம் நாவில் நெடுநாளாக உண்டு. டைக்ஸ்ட்ரா செய்ததும் அதுவே, தம் நாட்டு இருப்புப்பாதையிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டார். பட்டினிக்குக் கடைமடை என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தால் கீழ்வேளூர் மாணவர்க்கு அடுத்த வரி தானே விளங்கும். கம்பத்தில் நின்ற கைகள் மறைந்து வண்ண விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எஃகுப் பந்துகளின் வேலையை மின்னணுக் கருவிகள் ஏற்றுக்கொண்டன. கைகாட்டி என்னும் பெயர் மட்டும், இருப்புப்பாதையை விட்டு இறங்கி, சேவையகத்தினுள் உறங்கும் ஒவ்வொரு செயல்முறையின் தலைமாட்டிலும் நின்றுகொண்டிருக்கிறது.